பழுதறியும் அறிவு யாருக்குரியது? மோட்டார் எஞ்சினும் மடிக்கணினியும் பற்றிய ஒரு நோக்கு

மோட்டார் வாகனமொன்றின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும், அதன் உரிமையாளர் பொதுவாக இரண்டிலொன்றைச் செய்கிறார். வண்டி ஓடுகின்றதே என்று விளக்கைப் பொருட்படுத்தாது விடுகிறார். அன்றேல், கராஜ் ஒன்றுக்குக் கொண்டு சென்று, அங்குள்ளவர் கூறும் பழுதையும் கேட்கும் பணத்தையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறார். மூன்றாவது வழியொன்றும் உண்டு. சுக்கானுக்குக் கீழே அமைந்துள்ள பொருத்தியில் விலை குறைந்த சிறு கருவியொன்றைச் செருகி, அதனை வீட்டிலுள்ள மடிக்கணினியுடன் இணைத்தால், எஞ்சினின் கணினி பதிந்து வைத்திருப்பவற்றை அவர் தாமே வாசித்துக்கொள்ளலாம்.

இம்மூன்றாவது வழி, தொழினுட்ப வளர்ச்சி தானாகவே ஈந்த வசதி என்று எண்ணுவோர் பலர். வரலாற்றை நோக்கின் இவ்வெண்ணம் பொருந்தாமை புலனாகும். எஞ்சினின் கணினி, அதனை ஆக்கிய நிறுவனத்தோடு மட்டும் பேசுமாறே முதலில் அமைக்கப்பட்டது. அதனை எல்லாரோடும் பேச வைத்தது பொதுச் சட்டமாகும். அச்சட்டம் எவ்வாறு பிறந்தது, அது தந்த அறிவை வீட்டிலிருப்பவர் எவ்வாறு முறையாகப் பயன்படுத்தலாம், அவ்வறிவின் எல்லைகள் எவை, அது மீண்டும் பறிபோகும் நிலை உண்டா என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முயல்கின்றோம்.

1. புகைமூட்டமும் சட்டமும்

1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் கவிந்தது. யுத்த காலமாதலின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று மக்கள் அஞ்சினர். செயற்கை இறப்பருக்கான மூலப்பொருளை ஆக்கிய ஆலையொன்றின் மீது பழி சுமத்தப்பட்டது. 1950களின் தொடக்கத்தில், கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், ஐதரோகாபன்களும் நைதரசனொட்சைட்டுகளும் சூரியவொளியில் தாக்கமுற்று ஓசோனைத் தோற்றுவிப்பதே இம்மூட்டத்தின் அடிப்படை எனக் காட்டினார். அவ்வாயுக்களின் பெரும் ஊற்றுக்களுள் மோட்டார் வாகனமும் ஒன்று என்பது உற்பத்தியாளருக்கு உவப்பான செய்தியாக இருக்கவில்லை.

1967 இல் கலிபோர்னிய மாநிலம் வளிமாசைக் கட்டுப்படுத்துதற்கெனத் தனிச் சபையொன்றை நிறுவிற்று. 1970 இல் கூட்டாட்சி அரசின் தூய வளிச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இவ்விதிகளுக்கு அமையும் பொருட்டு 1975 ஆம் ஆண்டு மாதிரிகள் முதற்கொண்டு அமெரிக்கக் கார்களிற் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் ஊக்கி மாற்றி பொருத்தப்பட்டது. பின்னர் வந்த மூவழி ஊக்கி மாற்றி, ஐதரோகாபன், காபனோரொட்சைட்டு, நைதரசனொட்சைட்டு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறைக்கவல்லது. ஆயின், ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு வளி என்னும் திணிவு விகிதம் இடையறாது பேணப்பட்டாலன்றி அது செவ்வனே தொழிற்படாது. இத்துணை நுட்பமான விகிதத்தைப் பழைய காபரேற்றர் தனித்துப் பேணவியலாது. புகையில் எஞ்சும் ஒட்சிசனை அளக்கும் உணரியும், அவ்வளவுக்கேற்ப எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் விடும் கணினியும் தேவைப்பட்டன.

எரிபொருள் உட்செலுத்தலை மின்னணு முறையில் ஆளும் அமைப்புகள் இதற்கு முன்னரே இருந்தன. ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1968 மாதிரிக் கார்களிலேயே அத்தகையதொன்றை அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது. எனினும் அவ்வமைப்புகளைப் பொதுவழக்காக்கியது புகை பற்றிய சட்டமே எனலாம். 1981 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் பெற்றோற் கார்களிற் பெரும்பாலானவற்றில் எஞ்சின் கணினியை அமைத்திருந்தது.

இங்கு புதியதொரு சிக்கல் எழுந்தது. புகையைத் தூய்மையாக்கும் உறுப்புகள் பழுதுற்றாலும் வண்டி ஓடும். செலுத்துபவருக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது. பழுதின் பயனை அனுபவிப்போர் தெருவில் நின்று சுவாசிப்போரேயாவர். எனவே, இயந்திரமே தன் பழுதை அறிவிக்க வேண்டுமெனக் கலிபோர்னியா விதித்தது. 1988 மாதிரிகள் முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதியின்படி, பழுது நேரின் விளக்கு எரியவும் குறியீடொன்று பதியப்படவும் வேண்டும். எனினும் பொருத்தியின் வடிவமும் குறியீட்டின் பொருளும் உற்பத்தியாளரின் விருப்புக்கு விடப்பட்டன. சில கார்களில் பொருத்தியின் இரு முனைகளைக் கம்பித் துண்டொன்றால் இணைத்து, விளக்கு எத்தனை முறை மின்னுகின்றது என்று எண்ணிக் குறியீட்டை அறியலாயிற்று. ஏனையவற்றில் நிறுவனத்தின் கருவியின்றி எதுவும் அறியமுடியவில்லை. சிறிய கராஜ்காரர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கருவி வாங்க வேண்டியவராயினர்.

இந்நிலையை மாற்றியவை, கலிபோர்னியாவின் இரண்டாவது விதியும், 1990 இல் தூய வளிச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தமுமாகும். பொருத்தி எல்லா வாகனங்களிலும் ஒரே தரத்ததாக இருத்தல் வேண்டும்; அதனூடாகப் பெறும் செய்தியை அறிய நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் கருவியோ இரகசியக் குறியோ தேவைப்படலாகாது; புகைக் கட்டுப்பாடு தொடர்பான பழுதுபார்த்தற் செய்திகள் அத்தொழிலில் ஈடுபடும் எவருக்கும் கிடைத்தல் வேண்டும் என அத்திருத்தம் வகுத்தது. 1996 மாதிரிகள் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் யாவும் இதற்கமைந்தன. ‘ஓ.பி.டி. இரண்டு’ என வழங்கப்படுவது இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் புதிய பெற்றோற் கார்களுக்கும், 2004 அளவில் டீசற் கார்களுக்கும் இதையொத்த விதியைக் கட்டாயமாக்கிற்று.

நகரத்து மக்களின் சுவாசத்தைக் காக்க எழுந்த சட்டம், எஞ்சினின் செய்தியைப் பொதுவாக்கியது. அதுவின்றேல் நமது மடிக்கணினிக்குக் காரிடம் கேட்பதற்கு எதுவும் இருந்திராது.

2. பொது மொழியின் அமைப்பு

இப்பொருத்தி இரு வரிசைகளில் 16 முனைகள் கொண்டது. சுக்கானிலிருந்து ஏறத்தாழ இரண்டடி தூரத்துள், செலுத்துபவர் இருக்கையிலிருந்து எட்டக்கூடிய இடத்தில் அமைந்திருக்கும். 16 ஆம் முனை பற்றரியின் மின்னைத் தருவது. 4 உம் 5 உம் புவியிணைப்புகள். செய்தியைக் கடத்தும் முனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. போர்ட் ஒரு சைகை முறையையும், ஜெனரல் மோட்டர்ஸ் மற்றொன்றையும், ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்கள் வேறு முறைகளையும் கையாண்டமையால், பொது மொழியும் தொடக்கத்திற் பல கிளைமொழிகளாகவே இருந்தது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய ‘கான்’ என்னும் முறை 2008 மாதிரிகள் முதல் அமெரிக்காவிற் கட்டாயமானது. அது 6 ஆம், 14 ஆம் முனைகளினூடாகச் செய்தியைக் கடத்துகின்றது.

மடிக்கணினிக்கும் இப்பொருத்திக்குமிடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. 2000களின் நடுப்பகுதியிற் கனடாவின் சிறு நிறுவனமொன்று வெளியிட்ட ‘ஈ.எல்.எம். 327’ என்னும் நுண்சுற்று இப்பணியை மலிவாக்கிற்று. பல்வேறு சைகை முறைகளையும் அது கணினி வாசிக்கத்தக்க எழுத்துகளாக மாற்றித் தரும். அதன் பெயரில் விற்கப்படும் போலிகள் ஏராளம். அவற்றுட் சில எல்லாக் கட்டளைகளையும் நிறைவேற்றுவதில்லை. வாங்குவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

செய்திகளின் வடிவம் எளிமையானது. எஞ்சினின் சுழற்சி வேகத்தை மடிக்கணினி வினவினால், எஞ்சின் இரண்டு எண்களை விடையாக அனுப்பும். முதலெண்ணை 256 ஆற் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4 ஆல் வகுத்தால் நிமிடமொன்றுக்கான சுழற்சிகள் கிடைக்கும். 12 உம் 128 உம் வரின் வேகம் 800 ஆகும். குளிராக்கு நீரின் வெப்பநிலைக்கு ஓர் எண்ணே வரும். அதிலிருந்து 40 ஐக் கழித்தல் வேண்டும். 130 வரின் வெப்பநிலை 90 பாகை செல்சியசு. உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரையும் நேரெண்களாற் கூறுதற்கே இக்கழித்தல் வகுக்கப்பட்டுள்ளது. பாடசாலைக் கணிதத்துக்கு அப்பாற்பட்டது இதில் எதுவுமில்லை.

பழுதுக் குறியீடு ஓர் எழுத்தும் நான்கு குறிகளும் கொண்டது. ‘பி 0301’ என்பதனை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து, பழுது எஞ்சினையோ பற்சக்கரப் பெட்டியையோ சார்ந்தது எனக் கூறும். அடுத்த பூச்சியம், இக்குறியீடு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது எனக் காட்டும். அவ்விடத்தில் 1 வருமாயின் அது நிறுவனத்தின் தனிக்குறியீடாகும். 3 என்பது எரிபற்றற் பகுதியையும், இறுதி இரண்டிலக்கங்கள் முதலாம் உருளையையும் சுட்டும். முதலாம் உருளையில் எரிபற்றல் தவறுகின்றது என்பது இதன் பொருள். எரிபற்றல் தவறும் கணத்தில் எஞ்சினின் சுழற்சி மிகச் சிறிதளவு தளரும். அத்தளர்ச்சி எவ்வுருளையின் முறையில் நேர்கின்றது என்பதைக் கணக்கிட்டே கணினி இதனை அறிகின்றது.

3. குறியீட்டிலிருந்து பழுதுக்கு

குறியீடானது, அளக்கப்பட்ட ஏதோவொன்று குறித்த எல்லையைக் கடந்துவிட்டது என்று மட்டுமே கூறும். எந்த உறுப்பு பழுதுற்றது என்று அது கூறுவதில்லை. காய்ச்சல் ஓர் அறிகுறியே என்பதை அறியாத மருத்துவர் எவ்வாறு தவறுவாரோ, அவ்வாறே குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்பவரும் தவறுவர். குறியீட்டிற் பெயர் வந்த உறுப்பை உடனே வாங்கி மாற்றிவிட்டு, விளக்கு மீண்டும் எரிவதைக் கண்டு மயங்குவது இதனாலேயாம்.

வீட்டிலிருந்து பழுதறிய முற்படுபவர் முதலிற் குறியீடுகள் யாவற்றையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். குறியீடு பதியப்பட்ட கணத்தில் நிலவிய வேகம், வெப்பநிலை, சுமை முதலியவற்றையும் எஞ்சின் உடன் பதிந்து வைத்திருக்கும். அவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். குறியீட்டை அழித்தால் இப்பதிவும் அழியும். தடயத்தைத் துடைத்துவிட்டு விசாரணையைத் தொடங்குதல் தகாது.

‘பி 0171’ என்னும் குறியீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கலவையில் வளி மிகுந்துள்ளது அல்லது எரிபொருள் குறைந்துள்ளது என்பது இதன் பொருள். இதனைக் கண்டதும் ஒட்சிசன் உணரியை மாற்றுவோர் உளர். பெரும்பாலும் உணரி உண்மையையே கூறியிருக்கும். உண்மை கூறிய சாட்சியைத் தண்டிப்பதாகவே அச்செயல் முடியும். மடிக்கணினியில் எரிபொருட் திருத்தம் என்னும் எண்ணை நோக்குதல் வேண்டும். வகுத்த அளவுக்கு மேல் எத்தனை வீதம் எரிபொருளைக் கணினி கூட்டியோ குறைத்தோ விடுகின்றது என்பதை அது காட்டும். பூச்சியத்துக்கு அண்மையில் இருத்தலே இயல்பு. வண்டி நின்ற நிலையில் எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அது 20 வீதத்துக்கு மேல் உயர்ந்திருந்து, வேகத்தை 2500 சுழற்சிகளுக்கு உயர்த்தியதும் 5 வீதமாகக் குறைகின்றதெனக் கொள்வோம். கணக்கிலகப்படாத வளி எங்கோ உட்புகுகின்றது என இதிலிருந்து ஊகிக்கலாம். வெடித்த இறப்பர்க் குழாயொன்றினூடாக நுழையும் வளி, எஞ்சின் சிறிதளவு வளியை உள்ளெடுக்கும்போது பெரும் பங்காகவும், மிகுதியாக உள்ளெடுக்கும்போது சிறு பங்காகவும் அமையும். இனி நாட வேண்டியது, சீறும் ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதையும், குழாய்கள் எங்கே வெடித்துள்ளன என்பதையுமேயாகும். இதற்கு மாறாக, மெதுவோட்டத்தில் இயல்பாக இருந்து சுமை கூடுந்தோறும் திருத்தமும் கூடுமாயின், எரிபொருட் பம்பியின் தளர்ச்சியையோ, அடைபட்ட வடியையோ, உள்வரும் வளியை அளக்கும் உணரியில் அழுக்குப் படிந்தமையையோ ஐயுறல் வேண்டும். குறியீடு ஒன்றே, காரணங்கள் இரு திசைகளில் உள்ளன. அவற்றைப் பிரித்தறிவது வாசிப்பவரின் சிந்தனையாகும்.

முன்னர் கூறிய ‘பி 0301’ குறியீட்டுக்கு இதனினும் எளிய பரிசோதனை உண்டு. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி எரிபற்றற் சுருள் உள்ள எஞ்சினில், எஞ்சினை நிறுத்திய பின்னர் முதலாம் உருளையின் சுருளையும் மூன்றாம் உருளையின் சுருளையும் இடம் மாற்றிப் பொருத்துக. பதிவை அழித்துச் சிறிது தூரம் ஓட்டுக. குறியீடு ‘பி 0303’ என மாறுமாயின் குற்றம் சுருளினது. மாறாவிடின், பிளக்கையும், பின்னர் எரிபொருளைத் தெளிக்கும் உறுப்பையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்குதல் என்னும் ஆய்வுகூட நெறி இங்கு வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகின்றது. சுருளின் விலையைக் கொடுப்பதற்கு முன்னரே அதன் குற்றத்தை நிறுவிவிடலாம்.

சில எச்சரிக்கைகளையும் கூறல் கடனாகும். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின், எரியாத பெற்றோல் ஊக்கி மாற்றியைச் சென்றடைந்து அதனைச் சூடேற்றிச் சிதைக்கின்றது என்று கொள்ளல் வேண்டும். அந்நிலையில் வேகத்தைக் குறைத்து, இயன்றவரை விரைவில் வண்டியை நிறுத்துதல் நன்று. மூடிய கொட்டகையுள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் உயிருக்கே ஆபத்தாகும், காபனோரொட்சைட்டு மணமற்றது. ஓடும் வண்டியில் எண்களை நோக்க வேண்டின், செலுத்துபவர் ஒருவராகவும் மடிக்கணினியைப் பார்ப்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும்.

4. எஞ்சின் கூறாதவை

உணரி உள்ள இடத்தைப் பற்றியே எஞ்சினாற் கூறமுடியும். தேய்ந்த தாங்கி, தளர்ந்த பட்டி, உருளையின் அமுக்கக் குறைவு ஆகியவை நேராக அளக்கப்படுவதில்லை. அவற்றின் பக்கவிளைவுகள் தோன்றும்போதே ஏதாவதொரு குறியீடு எழலாம். அமுக்கமானியும், அனுபவமுள்ள மெக்கானிக்கின் செவியும் கையும் இங்கு இன்னமும் தேவை. மடிக்கணினி அத்தொழிலாளியின் இடத்தைப் பிடிப்பதற்கன்று. அவரோடு விடயமறிந்து உரையாடுதற்கே அது உதவும்.

இரண்டாவதாக, குறியீட்டை அழித்தல் பழுதைத் தீர்த்தலாகாது. பழைய கார் ஒன்றை விற்பவர் விற்பனைக்கு முன்னர் பதிவை அழித்து விளக்கை அணைத்துவிடலாம். ஆயின், அழித்தவுடன், எஞ்சின் தன் உறுப்புகளைச் சோதித்து முடித்தமை பற்றிய குறிப்புகளும் ‘முடிவுறவில்லை’ என்னும் நிலைக்குத் திரும்பிவிடும். பல்வேறு நிலைமைகளில் வண்டி ஓடிய பின்னரே அவை மீண்டும் நிறைவுறும். அழித்த பின்னர் ஓடிய தூரத்தைப் பல கார்கள் தனியே கணக்கிட்டும் வைத்திருக்கும். வாங்க வருபவர் மடிக்கணினியுடன் வந்தால், அணைந்த விளக்கின் பின்னணியை அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது எல்லை மிகவும் ஆழமானது. எஞ்சின் தன்னைப் பற்றிக் கூறுவது, அதன் மென்பொருளை எழுதியவர் கூறச் செய்வதேயாகும். 2015 செப்ரெம்பரில், வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசற் கார்களின் மென்பொருளில், சோதனைக்கூடத்தில் ஓடுவதை உணர்ந்து அவ்வேளையில் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைப் புகுத்தியிருந்தமை அமெரிக்க அரசினால் வெளிப்படுத்தப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்கள் இதிற் சம்பந்தப்பட்டிருந்தன. சாதாரண ஓட்டத்தில் சில கார்கள் அனுமதித்த அளவினும் 40 மடங்கு வரை நைதரசனொட்சைட்டுகளை வெளியிட்டன. அக்கார்களின் மஞ்சள் விளக்கு இதற்காக எரியவில்லை. உண்மையை வெளிக்கொணர வழிவகுத்தது, மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் புகைக்குழாயிலேயே அளவுகருவியைப் பொருத்தித் தெருவில் ஓட்டிப் பெற்ற முடிவுகளாகும். இயந்திரத்தின் சுயவாக்குமூலத்தைப் புறச்சான்று கொண்டு சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

5. மூடப்படும் வழிகள்

1974 இல் ஹரி பிரேவர்மன் எழுதிய ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூல், தொழிலின் சிந்தனைக் கூறு உழைப்பவரிடமிருந்து பிரிக்கப்பட்டு நிர்வாகத்திடம் குவிவதை ஆராய்ந்தது. மோட்டார் பழுதுபார்த்தலை இந்நோக்கிற் காண்பது பொருத்தமானது. பழுதறியும் அறிவு நிறுவனத்தின் மென்பொருளினுள் அடைக்கப்படுமாயின், கராஜ் தொழிலாளி திரை காட்டும் உறுப்பை மாற்றுபவராகச் சுருங்குவார். உரிமையாளர் பணம் செலுத்துபவராக மட்டும் எஞ்சுவார். 1990 இன் சட்டத் திருத்தம் இப்போக்குக்கு ஓரளவு தடையிட்டது. ஆயின் அதன் ஆணை புகை தொடர்பானவற்றோடு நின்றுவிட்டது. தடுப்பு, காற்றுப்பை, கதவு, ஒளி முதலியவற்றின் செய்திகள் பெரும்பாலும் நிறுவனங்களின் தனிமொழியிலேயே உள்ளன.

இக்குறையை நீக்க மசசூசெற்ஸ் மாநிலத்தில் இயக்கமொன்று எழுந்தது. 2012 நவம்பரில் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பில், பழுதுபார்க்கும் உரிமை பற்றிய சட்டத்தை ஏறத்தாழ 86 வீதமானோர் ஆதரித்தனர். நிறுவனத்தின் முகவர்களுக்குக் கிடைக்கும் பழுதறியும் செய்திகள், உரிய விலைக்கு, உரிமையாளருக்கும் தனிக் கராஜ்களுக்கும் கிடைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 2014 இல் உற்பத்தியாளர் இதையொத்த உடன்பாட்டை நாடு முழுவதற்கும் ஏற்றனர். அதற்குள் கார்கள் கம்பியின்றியே நிறுவனத்துக்கு நேரடியாகச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டன. பொருத்தியைத் திறந்து வைத்தும் அறிவு வேறு வழியாற் செல்லலாயிற்று. எனவே 2020 இல் அம்மாநில மக்கள் மீண்டும் வாக்களித்து, அக்கம்பியிலாச் செய்திகளுக்கும் உரிமையை விரித்தனர். உற்பத்தியாளர் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர்.

உற்பத்தியாளர் தரப்பு நியாயத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். 2015 இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் ஆய்வாளர் இருவர், ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியொன்றின் கணினியுள் தொலைவிலிருந்தே புகுந்து, அதன் இயக்கத்தில் தலையிட முடியும் எனக் காட்டினர். 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. அதன் பின்னர் அந்நிறுவனம் 2018 மாதிரிகள் முதல் பொருத்திக்கும் உள்ளமைப்புக்குமிடையே பாதுகாப்பு வாயிலொன்றை அமைத்தது. குறியீடுகளை வாசிக்கலாம், அழித்தல் முதலிய கட்டளைகளுக்குப் பதிவுசெய்த அனுமதி தேவை. பாதுகாப்பு மெய்யான தேவையே. ஆயின் ஜீப் வண்டியினுள் புகுந்த வழி கம்பியிலாத் தொடர்பாகும். இருக்கையில் அமர்ந்து பொருத்தியைப் பயன்படுத்தும் உரிமையாளர் அதற்குக் காரணரல்லர். வாயிலுக்குத் திறவுகோல் இருத்தல் நியாயம். அது எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே வினா.

மற்றொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்கின்றது. ஓ.பி.டி. விதியின் அடித்தளம் புகையாகும். மின்கலத்தில் மட்டும் ஓடும் காருக்குப் புகைக்குழாய் இல்லை. ஆதலால், பொது மொழியைக் கட்டாயமாக்கிய அப்பழைய ஆணையின் பிடி அதன் மீது தளர்ந்துவிடுகின்றது. வளியைத் தூய்மையாக்கும் வண்டி, அறிவை மூடிவைக்கும் வண்டியாகவும் அமையக்கூடும். முன்னைய உரிமை வேறொரு நோக்கத்தின் துணைப்பயனாக வந்தமையால், அந்நோக்கம் நீங்கியதும் அதுவும் நீங்கும் நிலையில் உள்ளது. பழுதறியும் உரிமை தன்பொருட்டே சட்டமாக வேண்டிய காலம் இது.

6. நம் நாட்டு நிலையும் நம் கடமையும்

இலங்கைத் தெருக்களில் ஓடும் கார்களுட் பெருந்தொகையானவை யப்பானில் ஏலவே பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கப்பட்ட பழைய கார்களை அமெரிக்க விதி கட்டுப்படுத்தவில்லை. எனவே, அவற்றுட் சிலவற்றில் அதே 16 முனைப் பொருத்தி இருப்பினும், பொது மொழியில் வினவினால் விடை வராதிருக்கலாம். கலப்பின வாகனங்களின் உயர்வோல்ற்று மின்கலம் பற்றிய விரிவான செய்திகளும் பெரும்பாலும் நிறுவனத்தின் தனிக்குறியீடுகளிலேயே கிடைக்கும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருந்த வண்டியைப் பேணி ஓட்டுவதன்றி உரிமையாளர்க்கு வேறு வழி இருக்கவில்லை. தேவையற்ற உறுப்பொன்றை வாங்கி மாற்றுவது எத்துணை இழப்பு என்பதை அக்காலம் பலருக்கும் உணர்த்திற்று.

இவ்விடயத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பொதுக் குறியீடுகளின் பொருளையும், ஒவ்வொன்றுக்கும் உரிய சோதனை முறையையும், கராஜ்களில் வழங்கும் சொற்களோடு இணைத்துத் தமிழில் விளக்கும் கைநூலொன்றைத் தொகுத்தல் பொறியியல் மாணவரும் தமிழ்ச் சங்கங்களும் கூடிச் செய்யத்தக்க பணியாகும். அத்தொகுப்பில் மெக்கானிக்குகளும் பங்காளிகளாதல் வேண்டும். எந்தக் குழாய் எந்த வண்டியில் முதலில் வெடிக்கும் என்பதை அவர்களே அறிவர். கலைச்சொல்லாக்கம் பற்றிப் பல்லாண்டுகளாக விவாதித்து வரும் நாம், அச்சொற்கள் தொழிலாளியின் கையிலும் உரிமையாளரின் திரையிலும் பயன்படும் இடமொன்றைக் கண்டுகொள்ள இது வாய்ப்பாகும்.

சட்டம் பொருத்தியைத் திறந்து வைத்தது. அதனூடாக வரும் எண்களை விளங்கிக்கொள்ளும் மக்கள் பெருகினாலன்றி, அது மீண்டும் மூடப்படும்போது கேள்வி எழுப்ப எவரும் இருக்கமாட்டார்.